ஒன்பது பறை, ஒரு வாத்தியார்

கேள்வி: நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குடியிருக்கிறேன். வயது 38. ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலை. ஏழு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ஒன்பது பெண்கள் சேர்ந்து பறை கற்றுவருகிறோம். 19 வயதுக் கல்லூரிப் பெண் முதல் 56 வயது அக்கா வரை இருக்கிறோம். தை மாதம் எங்கள் ஏரியாவில் குடியிருப்போர் சங்கமும் இளைஞர்களும் சேர்ந்து ஒருநாள் கலைவிழா நடத்துகிறார்கள். பாட்டு, பரதம், சிலம்பம், ஒயில் எல்லாம் உண்டு. எங்களுக்கும் 15 நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். (வாத்தியாருக்குச் செக்கானூரணிப் பக்கம். அவரிடம் ஐந்து பேர் கொண்ட செட் இருக்கிறது. ஆனால் 'பொம்பளைங்க மட்டும் ஏறினாத்தான் பார்க்க நல்லாயிருக்கும், செட்டுக்குக் கொடுக்கக் காசும் இல்லை' என்று விழாக் குழுவில் சொல்லிவிட்டார்கள்.) 15 நிமிடத்தை எப்படி நிரப்புவது? எனக்கு நாலு பேர் முன்னால் நின்றாலே கை நடுங்கும். 56 வயது அக்கா அடிக்கடி தாளம் தப்புகிறார், அவரை விட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். கேடயமும் சான்றிதழும் வேண்டுமென்றால் தலைக்கு 300 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், 'சாவு மேளத்தை நம்ம தெருவிலேயே தூக்கிட்டு ஆடணுமா' என்று கேட்ட அத்தை, அன்றிலிருந்து என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கேள்விகள் கண்ணில் பட்டன. இரண்டாவது தடவை, அடைப்புக்குறிக்குள் போட்டிருந்த வரிகளைத் தாண்ட முடியவில்லை. அதைக் கடைசியில் பேசுகிறேன். முதலில் நேரக் கணக்கு.

அழைப்பிதழில் போட்ட 15 நிமிடத்தை நம்பி எதையும் கட்டாதீர்கள். நம் ஊரில் ஆறு மணி விழா என்றால் ஆறேமுக்காலுக்குக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, பொன்னாடை போர்த்தியவருக்கு இன்னொரு பொன்னாடை. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. பத்து மணி என்பதைக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்கும்போதே கறாராகச் சொல்லிவிடுவார்கள். ஆக முன்பக்கம் இழுத்துக்கொண்டே போகும், பின்பக்கம் இழுபடாது. நடுவில் நசுங்குவது ஆட வந்தவர்கள்தான்.

நானும் நசுங்கியிருக்கிறேன். பல வருஷம் முன்பு மேலூர்ப் பக்கம் ஒரு விழா. பதினாறு பையன்களுக்கு மூன்று மாதம் ஒயில் பழக்கி, இருபது நிமிட ஆட்டமாகக் கோத்துக் கொண்டுபோயிருந்தேன். நல்ல அடவையெல்லாம் கடைசிக்கு வைத்திருந்தேன். வந்தனம் முடிந்து கைக்குட்டை வீச ஆரம்பித்த நாலாவது நிமிடம், மேடை ஓரத்திலிருந்து ஒருவர் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினார். முடிங்க! சிறப்பு விருந்தினர் வந்துவிட்டாராம். பையன்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. பாதிப் பேர் நின்றார்கள், பாதிப் பேர் குதித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சிரித்தது. விழாக்காரர்களை வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையதும்தான். நடுவில் நிறுத்துகிற மாதிரி ஓர் இடத்தை நான் வைக்கவே இல்லை.

அதிலிருந்து என் கணக்கு இது: 15 கொடுத்தால் 9 நிமிடத்துக்குக் கட்டுவது. அந்த 9க்குள் நாலாவது நிமிடத்தில் ஒரு தீர்மானம், அதாவது அங்கே நிறுத்தினாலும் முழுதாக முடிந்ததுபோல் இருக்க வேண்டும். முன்வரிசையில் நிற்கிற ஒருவருக்கு மட்டும் மேடை ஓரத்தைப் பார்க்கும் பொறுப்பு. அவர் குச்சியைத் தலைக்கு மேல் தூக்கினால் அடுத்த சுற்றில் எல்லோரும் நிறுத்திவிட வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் அறிவிக்காமல் செய்து பாருங்கள். யார் விழித்திருக்கிறார்கள், யார் மனப்பாடமாக அடிக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.

ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஒத்திகையே பார்ப்பதில்லையே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ராஜபார்ட்டு ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட்டு இன்னோர் ஊரிலிருந்தும் பஸ் ஏறி வருவார்கள். வேஷம் போடும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். விடிய விடிய நாடகம் நடக்கும். ஆனால் அவர்கள் எல்லோருக்கும் ஒரே கதை, ஒரே பாட்டு வரிசை பல வருஷமாக உடம்பில் ஊறியிருக்கிறது. ஏழு மாதக்காரர்கள் அந்த ஆட்டத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

என்ன அடிப்பது? அடி என்றால் தாள வகை. உங்களுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தெரிந்திருக்கலாம். மூன்று போதும். ஒத்தையடியில் தொடங்கி, ஒரு முழு நிமிடம் அதை விட்டு நகராதீர்கள். ஒன்பது பறையும் ஒரே பறையாகக் கேட்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் தெரு திரும்பிப் பார்க்கும். அப்புறம் கால் வைத்து ஆடுவதற்கு வசதியான ஓர் அடி, முடிப்பதற்கு வேகமான ஓர் அடி. மருளடி மட்டும் வேண்டாம். நம் பக்கத்தில் அதை அடித்தால் முன்வரிசையில் யாராவது ஓர் அம்மாவுக்குச் சாமி வந்துவிடும். அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அப்புறம் அது உங்கள் நிகழ்ச்சி இல்லை, அந்தச் சாமியின் நிகழ்ச்சி. வேறு அடிக்கே யாருக்காவது வந்துவிட்டால் சட்டென்று நிறுத்தாதீர்கள். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி ஒத்தையடிக்கு வாருங்கள். தண்ணீர் கொடுப்பதையும் திருநீறு பூசுவதையும் ஊர்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு இது பழக்கம்.

இன்னொன்று. மேடையில் நேரம் கேட்பதைவிட, விழாத் தொடக்கத்தைக் கேளுங்கள். தெருமுனையிலிருந்து மேடை வரை நீங்கள் அடித்துக்கொண்டு வர, ஜனங்கள் பின்னாலேயே வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். பறைக்குப் பழைய வேலையே ஆள் கூட்டுவதுதான். விழாக் குழுவுக்கும் லாபம், ஆறு மணிக்குக் காலி நாற்காலியைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. உங்களுக்கும் லாபம், ஆரம்பத்திலேயே முடிந்துவிடுவதால் பத்து மணி விதி உங்களைத் தொடாது. கை நடுக்கத்துக்கும் இதுதான் முதல் மருந்து. நடந்துகொண்டே அடிக்கிறவருக்கு நடுங்க நேரம் இருக்காது.

நடுக்கம் பற்றி மேலும் சொல்வதானால், அது பெரும்பாலும் பிடியில் இருக்கிறது. பயந்தால் குச்சியை இறுக்குவோம். இறுக்கினால் முன்கை விறைக்கும், விறைத்த கை நடுங்கும். தோளைக் காதுவரை தூக்கி வைத்திருக்கிறீர்களா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இடது கைச் சுண்டுக்குச்சி விரல்களுக்கு நடுவில் தளர்வாக ஆட வேண்டும். வலது கை அடிக்குச்சி மட்டும் கொஞ்சம் உறுதியாக இருந்தால் போதும். கூட்டத்தைப் பார்க்காதீர்கள், எதிரில் ஆடுகிறவரின் தோளைப் பாருங்கள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிடாமல், நாலு மணிக்கு இரண்டு இட்லி. இதற்கு மேல் மந்திரம் எதுவும் என்னிடம் இல்லை. முப்பது வருஷம் ஆகியும் முதல் அடிக்கு முன்னால் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் நிகழ்ச்சியைக் கெடுக்கக்கூடியது: தைப் பனி. ஞாயிறு காலை வெயிலில் பழகுகிறவர்களுக்கு இதன் அருமை தெரியாது. ஆறரை மணிக்கு மேல் பனி இறங்க ஆரம்பித்தால் தோல் ஈரத்தை இழுத்துத் தொய்ந்துவிடும். காலையில் கணீரென்று பேசிய பறை, சாயங்காலம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் 'தொம்' என்னும். காய்ச்சித்தான் ஆக வேண்டும்.

காய்ச்சுவதை இதுவரை வாத்தியாரே செய்து கொடுத்திருப்பார், நீங்கள் போட்டோ எடுத்திருப்பீர்கள். இந்தத் தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டு எழுப்பிய தீ, முதலில் தாவி எரியும். அப்போது பறையைக் காட்டக் கூடாது. தீ அடங்கித் தணலாகும்போது, தோல் பக்கம் தீயைப் பார்க்க, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் மட்டும் முறுகி, முதல் அடியிலேயே கிழியும். நடுநடுவே விரல் முட்டியால் ஒரு தட்டு. 'தொம்' என்றது 'தும்' ஆகும், அப்புறம் 'டண்' ஆகும். 'டண்' வந்ததும் எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று ஆசைப்படுகிறவர்தான் தோலைக் கிழிக்கிறவர். கட்டையோடு தோலை ஒட்டியிருப்பது புளியங்கொட்டைப் பசை, அளவுக்கு மீறிய சூட்டில் அதுவும் விட்டுக்கொடுக்கும்.

ஒன்பது பறையைக் காய்ச்ச அரைமணி நேரம் வேண்டும். முதலில் காய்ச்சியது கடைசிப் பறை காய்வதற்குள் மறுபடி தொய்ந்துவிடும், அதனால் இரண்டு தீ கேளுங்கள். மேடைக்குப் பின்னால், பந்தல் துணியிலிருந்தும் ஜெனரேட்டரிலிருந்தும் நன்றாகத் தள்ளி, ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில். விழாக் குழுவில் இதை முன்கூட்டியே சொல்லி இடத்தை நேரில் பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் 'தீயெல்லாம் போடக் கூடாதுங்க' என்று யாராவது ஒருவர் வருவார். இடம் கிடைக்கவே இல்லை என்றால் இரண்டு மூன்று ஃபைபர் தோல் பறையாவது வாடகைக்கு எடுத்து வையுங்கள், போல்ட்டை முறுக்கினால் போதும். நாதம் கொஞ்சம் தகரம்தான். ஆனாலும் பனி ராத்திரியில் கை கொடுக்கும்.

சேலை விஷயத்தில் உங்கள் குழுவில் என்ன முடிவோ தெரியாது. தீப்பக்கம் போகிறவர்கள் சிந்தெடிக் கட்டவே கூடாது. என் ஓட்டு சுங்குடிக்கு. பருத்தி, மலிவு, நம்ம ஊர்ச் சரக்கு, தோள்வார் வழுக்காது. கரை கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும், முந்தானையை இடுப்பில் செருகி ஊக்குப் போடுங்கள். கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

மைக் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ஒன்பது பறைக்கு நம் தெரு தாங்கும். மேடையில் மைக் வேண்டும் என்று குழு பிடிவாதம் பிடித்தால், மைக்செட்காரரிடம் முன்னாலேயே போய், "அண்ணே, பாட்டு மைக்கை எடுத்துட்டு ரெண்டே ரெண்டு மைக்கு, நாலஞ்சு அடி தள்ளி வைங்க, சவுண்டைக் குறைச்சு வைங்க" என்று சொல்லுங்கள். பாடகருக்கு வைத்த அளவிலேயே விட்டுவிட்டால் முதல் அடிக்கே பெட்டி கிழிகிற மாதிரி கத்தும், பழி பறைக்கு வரும். மேடைப் பலகையையும் ஒரு தடவை ஏறிக் குதித்துப் பாருங்கள். ஒன்பது பேர் ஒரே நேரத்தில் காலை ஊன்றினால் ஆடுகிற மேடைகள் நிறைய.

தாளம் தப்புகிற அக்காவை விடாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அவர் எங்கே தப்புகிறார் என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் அடி மாறுகிற இடத்தில்தான் தப்பும். அப்படியானால் அவருக்கு மாற்றமே வேண்டாம். மற்ற எட்டுப் பேரும் என்ன அடித்தாலும் அவர் ஒத்தையடியையே பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கட்டும், இரண்டு பக்கமும் தாளம் உறுதியான இருவர். பிடித்து நிற்க ஓர் ஆள் எந்தச் செட்டுக்கும் வேண்டும். அது கீழான வேலை இல்லை, செட்டில் மூத்தவர்கள் செய்கிற வேலை. அதோடு 56 வயதில் நம் பக்கத்துப் பெண்ணுக்குக் குலவை தெரியாமல் இருக்காது. வேகமான அடிக்குப் போகும் முன் எல்லாப் பறையும் ஒரு கணம் நிற்க, அவர் ஒரு குலவை போட்டு எடுத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று ஒத்திகையில் கேட்டுப் பாருங்கள். அவரை விட்டுவிடலாம் என்று சொன்னவர்களே அதைத்தான் வீடியோ எடுப்பார்கள்.

300 ரூபாய் கட்ட வேண்டாம். நம் ஊர் விழாவில் அடித்ததற்கு நாமே காசு கொடுத்துக் கேடயம் வாங்குவது, நம் கல்யாணத்துக்கு நாமே மொய் எழுதுகிற மாதிரி. ஒன்பது பேருக்கு 2,700 ரூபாய் ஆகிறது. அந்தத் தொகையை நினைவில் வைத்திருங்கள். 19 வயதுப் பெண்ணுக்கு மட்டும் ஒரு சேதி: நிகழ்ச்சி நடத்தியதற்கான அழைப்பிதழ், போட்டோ எல்லாவற்றையும் தேதி போட்டுச் சேர்த்து வைக்கட்டும். மாவட்ட அளவில் 19 முதல் 35 வயது வரையுள்ள கலைஞர்களுக்குக் கலை வளர்மணி என்றொரு அரசு விருது இருக்கிறது. பின்னால் விண்ணப்பிக்கும்போது கேடயத்தைவிட இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

அத்தை விஷயம். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வருஷமாக அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டது பிணத்தைத் தேர் கட்டித் தூக்கிக்கொண்டு போகும்போதுதான். கேட்டால் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். ஐயனார் கோயிலிலும் முளைப்பாரியிலும் கேட்டது அதே பறைதான், ஆனால் பயந்தது மனதில் நிற்கிற மாதிரி மகிழ்ந்தது நிற்பதில்லை. 'இது சங்ககாலத்து வாத்தியம் அத்தை' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி வேறு. அவர் வாயில் வந்தது 'சாவு'. அதற்குப் பின்னால் சொல்லாமல் இருப்பது, இதை யார் அடிப்பார்கள், நம் வீட்டுப் பெண் ஏன் அடிக்க வேண்டும் என்பது. அது சாதிப் பேச்சு. சாவைக் காட்டி நாம் எல்லோரும் அதை மறைத்துக்கொள்கிறோம். சாவு வீட்டில் விடிய விடிய நின்று அடித்தவர் கேவலமான வேலை செய்யவில்லை, அழ முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களை அழவைத்து அனுப்பினார். கேவலம் எதில் இருந்தது என்றால், அவரைக் கட்டாயப்படுத்தி அடிக்கவைத்ததில், கூலியென்று எதையோ எறிந்ததில். இனி அடிக்கமாட்டோம் என்று மறுத்த ஊர்களும் உண்டு, மறுத்ததற்காக அடிபட்டவர்களும் உண்டு.

இதையெல்லாம் அத்தையிடம் ஒரே நாளில் பேச முடியாது, பேசவும் வேண்டாம். அலங்காநல்லூர்க்காரர் வேலு ஆசான் பறைக்காகவே 2025இல் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார் என்பதைக் குழந்தைகள் வாயால் அவர் காதில் போட்டு வையுங்கள். விருதுக்கு மயங்காத அத்தை குறைவு. அப்புறம் அவரிடம் ஒரு வேலை கேளுங்கள். குலவைக்கு ஓர் அக்கா போதாது, இன்னும் நாலு பேர் வேண்டும், கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். வந்தால் முன்வரிசையில் ஒரு நாற்காலி. வராமலும் போகலாம். வராவிட்டால் அடுத்த தைக்குக் கூப்பிடுங்கள். அதற்காக நீங்கள் பறையை இறக்கி வைக்க வேண்டியதில்லை.

இனி அந்த அடைப்புக்குறி.

விழாவில் பந்தல்காரருக்குப் பணம் உண்டு. மைக்செட்டுக்கு, நாற்காலிக்கு, ஜெனரேட்டருக்கு உண்டு. பொன்னாடைக் கடைக்காரர் கடன் சொன்னால் கொடுக்கமாட்டார். பறைக்கு மட்டும் காசில்லை. உங்களால் சும்மா அடிக்க முடிகிறது, ஏனென்றால் ஒன்றாம் தேதி சம்பளம் வேறு இடத்திலிருந்து வந்துவிடுகிறது. உங்கள் வாத்தியாருக்கும் அந்த ஐந்து பேருக்கும் தை என்பது சம்பாதிக்கிற மாதம். பறை இழிவு இல்லை என்று காட்டத்தானே நீங்கள் தெருவில் இறங்குகிறீர்கள்? அதைக் காலமெல்லாம் சுமந்தவரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, சுங்குடி கட்டி ஒன்பது பேர் ஆடினால், அத்தை சொன்னதைத்தான் நீங்கள் வேறு விதமாகச் சொன்னதாக ஆகும். 'பார்க்க நல்லாயிருக்கும்' என்று குழுவில் சொன்னவருக்கு அந்த அர்த்தம் இருந்திருக்காது, அவரும் நல்ல மனுஷனாகவே இருக்கலாம். ஆனால் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். என் மேடைகளிலும் இப்படி நடந்திருக்கிறது, நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

முதலில் வாத்தியாரிடமே கேளுங்கள். அவரைக் கேட்காமல் அவருக்காகச் சண்டை போட்டுவிட்டு, அப்புறம் வந்து சொல்லாதீர்கள். அன்றைக்கு அவருக்கு வேறு ஊரில் கோயில் வேலை இருக்கலாம். அந்த மேடையில் ஏற அவருக்கே விருப்பமில்லாமல் இருக்கலாம். அவர் வருகிறேன் என்றால், அவருடைய செட்டுக்கு என்ன சம்பளம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். 'நம்ம புள்ளைங்க விழா, எதுக்குத்தா காசு' என்று சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள்.

பிறகு ஒன்பது பேரும் சேர்ந்து விழாக் குழுவிடம் போங்கள், நீங்கள் மட்டும் தனியாகப் போக வேண்டாம். தெருமுனையில் வாத்தியார் செட் எடுத்துக் கொடுக்கும், நாங்கள் சேர்ந்துகொள்வோம், மேடை வரைக்கும் பதினான்கு பறையும் ஒன்றாக வரும், அவர்கள் சம்பளம் விழாச் செலவில் சேரட்டும் என்று சொல்லுங்கள். காசில்லை என்றால் அந்த 2,700 ரூபாயை எடுத்துப் போடுங்கள். ஐந்து பேருக்கு அது நியாயமான சம்பளம் ஆகாது, வண்டிச் செலவுக்கும் கைச் செலவுக்கும் காணும். மிச்சத்துக்குத் தெருவில் நாலு வீடு ஏறுங்கள். கோயிலுக்கு வரி வாங்குகிற தெருதானே.

அதற்கும் மசியவில்லை என்றால்? நானாக இருந்தால் அந்த மேடை வேண்டாம் என்று வந்துவிடுவேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். அந்தத் தெருவில் குடியிருக்க வேண்டியவர் நீங்கள், நான் ஊருக்குப் போய்விடுவேன். போய் ஆடுவதென்றால் ஒன்றிலாவது உறுதியாக இருங்கள்: வாத்தியார் வரிசையில் நிற்க வேண்டும், தீப்பக்கத்தில் மட்டும் அல்ல. சாப்பாட்டையும் கவனியுங்கள். குழுவுக்கும் விருந்தினருக்கும் பந்தி, மேளக்காரர்களுக்கு மேடைக்குப் பின்னால் பொட்டலம் என்று பிரிப்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, பழக்கம் அப்படி. நீங்கள் ஒன்பது பேரும் அவர்களோடு உட்கார்ந்துவிடுங்கள், பந்தியோ பொட்டலமோ.

அவருக்கு நாட்டுப்புறக் கலைஞர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாரியம் 2007இல் வந்தது. வயதான கலைஞர்கள் பலர் பதியாமலேயே இருக்கிறார்கள், படிவம் நிரப்ப ஆளில்லாமல். கணக்கு எழுதத் தெரிந்தவர் நீங்கள். மதுரையில் கலை பண்பாட்டுத் துறை அலுவலகம் இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனால் வேலை நகரும்.

கடைசியாக ஒரு துண்டுச் சீட்டு. அறிவிப்பாளர்கள் கையில் எது இருக்கிறதோ அதைத்தான் வாசிப்பார்கள். எதுவும் இல்லையென்றால் 'அடுத்து நம் பகுதிப் பெண்கள் வழங்கும் தப்பாட்டம்' என்று சொல்லி, உபயதாரர் கடைப் பெயரைப் படித்துவிடுவார்கள். அதனால் நீங்களே எழுதி, இரண்டு படி எடுத்து, ஒன்றை அவர் கையிலும் ஒன்றை மைக்செட்காரரிடமும் கொடுங்கள். கொட்டை எழுத்தில் எழுதுங்கள், மேடை வெளிச்சத்தில் கண் கூசும். முதல் வரியில் வாத்தியார் பெயர், இனிஷியலோடு, ஊரோடு. அடுத்த வரியில் செட்டிலுள்ள ஐந்து பேர் பெயர். அதற்குக் கீழே உங்கள் ஒன்பது பேர், அந்த அக்காவிலிருந்து ஆரம்பித்து.